கேட்டுக் கொடுப்போம்

அட்டன் தோட்ட லயத்துக்கு வந்து ஆராய்ச்சிக்கென இரத்தம் கேட்பவரிடம், ‘எதற்கு ஐயா?’ என்று வினவலாமா? வினவவே வேண்டும் என்போம்.

ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடம் 1960களிலிருந்து பெற்ற சுமார் 7,000 இரத்த மாதிரிகள், கான்பராவிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் உறைநிலையில் கிடந்தன. இன்றோ, பழங்குடியினரின் மேற்பார்வையில் அங்கே இயங்கும் மரபணு நிலையம், உரிய குடும்பங்களைத் தேடிச்சென்று சம்மதம் கேட்கிறது.

யூயின் குலத்து மருத்துவர் அலெக்ஸ் பிரவுன், ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பழங்குடியினரின் இருதய நோயை ஆராய்ந்தவர். பின்னர் அப்பல்கலைக்கழகத்திலேயே பழங்குடி மரபணுவியற் பேராசிரியரானார். அந்நிலையம் 159 பேரிடம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், கண்ட மரபணு வேறுபாடுகளுள் ஏறக்குறையக் கால்பங்கு உலகத் தொகுப்புகளில் இல்லாதவை. அவற்றை அறியாது மரபுநோயைச் சரிவரக் கணிப்பது அரிது.

தோட்டத்து மாணவ மாணவியரே, நாளை மலையகத்தில் அக்கேள்வியைக் கேட்பவராகவும், அதற்கு விடைகூறும் ஆய்வாளராகவும் நீங்களே விளங்கவேண்டும்.