பழம்பெரும் நகரில் ஒரு சின்ன ஒழுங்கை

ஸ்கொட்லாந்து என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? பனி மூடிய மலைகள், செம்மறி ஆடுகள், கட்டம்போட்ட பாவாடை உடுத்துக் குழல் ஊதும் ஆண்கள். தபாலட்டைகளில் நாம் காண்பதும் இவைதாம். ஆனால் அங்கும் குடும்பங்கள் வாழ்கின்றன. குப்பை வாளியை வாசலில் வைக்கிறார்கள். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள். அடுத்த வீட்டாரோடு மனஸ்தாபப்பட்டு மறுநாள் சமாதானமும் ஆகிறார்கள். அப்படியான ஓர் அயலுக்குள் உங்களை இம்முறை அழைத்துச் செல்கிறோம்.

கிழக்குக் கரையோரத்தில், வட கடலைப் பார்த்தபடி அமைந்திருக்கிறது சென் அன்ட்ரூஸ் நகரம். சனத்தொகை இருபதாயிரத்தையும் எட்டாது. ஆனால் சரித்திரமோ பெரியது. ஸ்கொட்லாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம் 1413இல் இங்குதான் தோன்றியது. மன்னர் ரொபர்ட் புரூஸ் முன்னிலையில் 1318இல் திறந்துவைக்கப்பட்ட பேராலயம் 1559இன் மதக் கலகத்தில் சூறையாடப்பட்டு, இன்று இடிபாடாக நிற்கிறது. அதன் கற்களை ஊர்மக்கள் அள்ளிச் சென்று தம் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள்.

அந்த இடிபாட்டை நோக்கி மூன்று வீதிகள் வந்து சேர்கின்றன. வட வீதி, சந்தை வீதி, தென் வீதி. வீதியோரத்தில் வீட்டின் முகப்பு குறுகலாக இருக்கும். பின்னால் வளவு நாடாவைப் போல நீண்டு கிடக்கும். இதை அவர்கள் ‘ரிக்’ என்கிறார்கள். காலம் செல்லச் செல்ல, பின்வளவிலும் ஒன்றன்பின் ஒன்றாக வீடுகள் எழுந்தன. அவற்றுக்குப் போகும் ஒடுங்கிய பாதைதான் ‘குளோஸ்’. நம் பேச்சில் சொன்னால் ஒழுங்கை. தென் வீதியிலுள்ள லௌடன்ஸ் குளோஸ் அப்படியான ஒன்று. கல் சுவர், சிவப்பு ஓடு, கைக்கெட்டும் தூரத்தில் எதிர்வீட்டு வாசல்.

இங்கே குடியிருப்பது படத்தில் பார்ப்பதுபோல் இலகுவானதல்ல. பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால், பழைய யன்னலைக் கழற்றிப் புதிய பாணியில் ஒன்றைப் பூட்டவும் அனுமதி எடுக்க வேண்டும். தடித்த கற்சுவர் சூடேற நேரம் எடுக்கும். கோடையில்கூட ‘ஹார்’ எனும் கடல் மூடுபனி திடீரென்று வந்து ஊரைப் போர்த்திவிடும். டிசம்பரில் பிற்பகல் மூன்றரை மணியளவிலேயே மஃரிப் ஆகிவிடும். ஜூனிலோ இரவு பத்து மணிவரை சூரியன் மறையாது. இந்த நீண்ட இருட்டில்தான் அயலவரின் அருமை தெரியும். தனியே வாழும் முதியவரின் வீட்டு யன்னலில் விளக்கு எரிகிறதா என்று எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தால், அதுவே ஒரு பாதுகாப்பு.

உலகப் புகழ்பெற்ற கொல்ஃப் மைதானமும் இந்த ஊரில்தான் உண்டு. அந்தப் புல்வெளி ஊர்மக்களின் பொதுச் சொத்துப் போன்றது. அங்கே விளையாடும் உரிமை மக்களுக்கு உண்டென்று 1552இலேயே சாசனம் எழுதப்பட்டது. இன்றும் பெரிய போட்டிகள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மைதானத்தில் ஆட்டம் கிடையாது. செல்வந்தர்கள் பெருந்தொகை கட்டி ஆடும் அதே புல்லில், அன்றைக்குத் தாய்மார் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு இலவசமாக உலாவுகிறார்கள்.

இந்த நகருக்கும் தமிழ் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டென்றால் நம்புவீர்களா? இவ்வூரில் 1753இல் பிறந்த அன்ட்ரூ பெல் என்பவர், சென்னையில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றைப் பொறுப்பேற்றிருந்தார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார். அவரது பணத்தில் 1830களின் தொடக்கத்தில் தென் வீதியில் எழுந்த பாடசாலைக்கு ‘மெட்ராஸ் கல்லூரி’ என்றே பெயர்! தலைமுறை தலைமுறையாக அந்த வீதி பிள்ளைகளின் சத்தத்தால் நிறைந்திருந்தது. 2021இல் பாடசாலை நகரின் மேற்கு ஓரத்திலுள்ள புதிய கட்டடத்துக்கு மாறியது. பழைய கட்டடம் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. பிள்ளைகள் போன வழியில் குடும்பங்களும் போகின்றன. மாணவர் தொகை சுமார் பத்தாயிரம். உல்லாசப் பயணிகளோ கணக்கில்லை. ஒரு வீட்டை மாணவர்களுக்கு அறை அறையாகவோ, பயணிகளுக்கு நாள் வாடகைக்கோ கொடுத்தால் கிடைக்கும் வருமானத்துக்கு ஈடான வாடகையை ஓர் ஆசிரியையாலோ தாதியாலோ கொடுக்க முடியாது. வீட்டு விலையும் ஸ்கொட்லாந்தின் மிக உயர்ந்த விலைகளுள் ஒன்று. ஆகவே இளம் தம்பதியர் அயல் ஊர்களில் குடியேறி, வேலைக்கு மட்டும் பஸ்ஸில் வந்து போகிறார்கள்.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. குடும்பமல்லாத மூவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து வசிக்கும் வீடுகளுக்கான புதிய அனுமதிகளை 2019இல் உள்ளூராட்சிச் சபை நகர் முழுவதும் மட்டுப்படுத்தியது. நாள் வாடகை வீடுகளுக்கு உரிமம் பெறும் சட்டம் 2022இல் ஸ்கொட்லாந்து முழுவதும் நடைமுறைக்கு வந்தது. வருடத்தில் சில வாரங்களுக்கு மட்டும் திறக்கும் இரண்டாம் வீடுகளுக்கு இரட்டை வரி விதிக்கும் அதிகாரம் 2024 ஏப்ரலில் சபைகளுக்குக் கிடைத்தது. ஆனால் மறுபக்கமும் உண்டு. வீடுகளைக் கட்டுப்படுத்தினால் ஏழை மாணவன் எங்கே தங்குவான்? ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு முதுமையை ஓட்டும் விதவை என்ன செய்வாள்? இரண்டும் நியாயமான கேள்விகளே.

சுவரையும் ஓட்டையும் யன்னலையும் பாதுகாக்கச் சட்டம் போதும். அந்த யன்னலுக்குப் பின்னால் எரியும் விளக்கைப் பாதுகாக்கச் சட்டம் மட்டும் போதாது. அதை ஏற்றுவதற்கு அங்கே ஆள் குடியிருக்க வேண்டும். கல்லும் சுண்ணாம்பும் எழுநூறு வருடம் நிற்கலாம். அயல் என்பதோ ஒரு தலைமுறையிலேயே கலைந்துபோகக் கூடியது.

இன்று மாலை உங்கள் ஒழுங்கையை ஒருமுறை பாருங்கள். எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது? எரியாத வீட்டில் இருப்பவர் யார், எங்கே போனார் என்று உங்களுக்குத் தெரியுமா?