செம்பின்மேல் விளையும் கரி

விறகடுப்பில் ஏற்றிய செப்புப் பாத்திரத்தின் அடியில் கரி படிவதை நாம் அறிவோம். பென்சிலின் நடுவேயுள்ள கிராஃபைட்டும் அதே கரிமந்தான். முன்னதில் அணுக்கள் ஒழுங்கின்றிக் குவிந்துள்ளன; பின்னதில் தேனடை அறைகளைப்போல் அறுகோணங்களாய் இணைந்து, தாள்மேல் தாளாக அடுக்கப்பெற்றுள்ளன. கிராஃபைட்டைக் காரீயம் என வழங்குவது பழைய பிழை. அது ஈயமன்று, கரிமமே என்பதை 1779இல் ஷீலே காட்டினார். பெயர் மட்டும் நம்மை விட்டபாடில்லை.

இத்தாள்கள் ஒன்றற்கொன்று 0.335 நானோமீட்டர் தொலைவில் உள்ளன. தனித்தாளுக்குக் கிராஃபீன் என்று பெயர். 2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரே கைம், நோவோசெலவ் ஆகிய இருவரும் ஒட்டுநாடாவால் உரித்தே அதனை எடுத்தனர். 2010இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் உரித்தெடுத்தவை சிறு துணுக்குகளே. கருவி செய்ய அவை போதுமா? ஆகவே உரிப்பதை விடுத்து விளைவிக்கத் தலைப்பட்டனர்.

2009இல் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராட்னி ருவாஃப் குழுவினர் மெல்லிய செம்புத் தகட்டை உலையிலிட்டு, ஏறத்தாழ 1000 பாகை செல்சியசுக்குச் சூடேற்றி, ஹைட்ரஜனுடன் மீத்தேனைச் செலுத்தினர். செம்பு 1085 பாகையில் உருகிவிடும். எனவே இது விளிம்பில் நின்று செய்யும் வேலை. மீத்தேன் சிதைந்து, அதன் கரிமம் தகட்டின்மேல் தங்கி அறுகோணங்களாய் இணைகிறது.

செம்பை ஏன் தேர்ந்தனர்? நீர் உப்பைக் கரைப்பதுபோலச் சுடுநிலையில் நிக்கல் கரிமத்தைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். ஆறும்போது வெளியே தள்ளும். எத்தனை அடுக்கு வெளிவரும் என்பது நம் கையில் இராது. செம்போ கரிமத்தை ஏறக்குறையக் கரைப்பதே இல்லை. மேலும், மீத்தேனைச் சிதைப்பது செம்பின் மேற்பரப்பே. முதல் தாள் அப்பரப்பை மூடியதும் சிதைக்குமிடம் மறைகிறது. வளர்ச்சியும் பெரும்பாலும் தானே நின்றுவிடுகிறது. நிறுத்துவதற்கு ஆள் வேண்டாத இவ்வினையே நம்மைப் பெரிதும் வியக்கவைக்கிறது.

குறைகளும் உள. வளர்ச்சி ஒரே இடத்தில் தொடங்குவதன்று. பல தீவுகளாய்த் தோன்றி வளர்ந்து ஒன்றையொன்று சந்திக்கிறது. திசை பொருந்தாத தீவுகள் சேருமிடத்தில் தையல் விழுகிறது. ஆறும்போது செம்பு சுருங்க, தாள் உடன் சுருங்காமையால் மடிப்பும் விழுகிறது.

எல்லாவற்றினும் பெருந்தொல்லை, விளைந்ததை அறுவடை செய்வதே. செம்பும் மின்கடத்தியாதலால் தாளை அதன்மேல் வைத்துக்கொண்டு மின்னணுக் கருவி செய்தல் அரிது. ஆதலால் தாளின்மேல் பிளாஸ்டிக் பூசி, கீழுள்ள செம்பை வேதிக்கரைசலில் கரைத்து, மிதக்கும் படலத்தை வேறு தட்டில் ஏந்தி, பின் பிளாஸ்டிக்கையும் கரைத்து நீக்குகின்றனர். இதில் தாள் கிழிவதுண்டு; அழுக்கு எஞ்சுவதுண்டு. சிலிக்கான் கார்பைடைச் சுட்டுச் சிலிக்கானை ஆவியாக்கி, எஞ்சும் கரிமத்தையே தாளாக்கும் முறையில் இவ்விடமாற்றம் வேண்டியதில்லை. ஆயினும் அத்தட்டின் விலை மிகுதி.

கிராஃபீன் தாள் தன்மேல் விழும் ஒளியில் 2.3 விழுக்காட்டையே உட்கொள்ளும், மின்சாரத்தையும் கடத்தும். அதனால் 2010இல் கொரிய ஆய்வாளர் 30 அங்குல மூலைவிட்டமுள்ள படலத்தைச் செம்பில் விளைவித்துத் தொடுதிரை செய்துகாட்டினர். அங்கும் செம்பைக் கரைத்தே படலத்தை எடுத்தனர். மின்னாற்பகுப்பில் எழும் ஹைட்ரஜன் குமிழிகளால் தாளை மெல்லக் கிளப்பும் முறை அதன்பின் வந்தது. அம்முறையில் செம்பு வீணாவதில்லை; அதே தகடு மீண்டும் உலைக்குச் செல்கிறது.