ஜெனரல்களுக்கு ஆயில் பெயின்டிங்... சிப்பாய்களுக்கு? 200 வருஷ ஓவியங்கள் சொல்லும் கதை

மாதவரத்தில் பாரிமுனை பஸ் ஏறினால், இறங்கி நடக்கும் தூரத்தில்தான் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. உள்ளே 1948-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில், கம்பெனி காலத்து ராணுவ அதிகாரிகளும் கவர்னர்களும் ஆளுயர ஆயில் ஓவியங்களில் நிற்கிறார்கள். இதே காலத்தில் ரஷ்யாவிலும் இப்படி ஒரு வேலை நடந்தது.

ரஷ்யாவில் என்ன நடந்தது?

1812-ல் நெப்போலியன் படையெடுத்தார். ரஷ்யா அவரை விரட்டியது. அந்தப் போரில் பங்கேற்ற 300-க்கும் மேற்பட்ட ஜெனரல்களை ஆயிலில் வரையச் சொன்னார் ஜார் முதலாம் அலெக்சாண்டர். அப்போ கேமராவே கிடையாது. வேலையை எடுத்தவர் ஜார்ஜ் டா என்ற ஆங்கிலேய ஓவியர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையில் 1826-ல் கேலரி திறக்கப்பட்டது.

அதில் 13 ஃப்ரேம்கள் காலி! முகம் தெரியாத ஜெனரல்களுக்குப் பச்சைப் பட்டுத்துணியும் பெயரும் மட்டும். டாவுக்கு உதவியாக வரைந்த பாலியகோவ், ஒரு ஜெனரலின் பண்ணையடிமை. தனக்கே சுதந்திரம் இல்லாதவர், ஜெனரல்களின் பதக்கங்களை வரைந்துகொண்டிருந்தார்.

இங்கே என்ன கதை?

ஓவியத்தில் சீருடைதான் ஹீரோ. சிவப்புக் கோட்டு, தோளில் தங்கச் சரிகை, மார்பில் பதக்கம். யார் எந்தப் பதவி என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆனா, சிப்பாய்க்கு அதே சீருடை அவமானமாக வந்தது. நெற்றிக் குறி, தாடி, கடுக்கன் கூடாது. தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை கட்டணும் என்று மெட்ராஸ் ராணுவம் உத்தரவு போட்டது. 1806 ஜூலை 10 அன்று வேலூர் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அன்றே அது அடக்கப்பட்டது. கவர்னர் பென்டிங்க் திரும்ப அழைக்கப்பட்டார்.

அப்போ சிப்பாய்களை யாருமே வரையலையா?

வரைந்தார்கள். உள்ளூர் ஓவியர்கள் கம்பெனிக்காரர்களுக்கு வரைந்த சின்ன வாட்டர்கலர் படங்களில் சிப்பாய் உண்டு. ஆனால் தச்சர், குயவர் மாதிரி ஒரு 'வகை'யாக, பெரும்பாலும் பெயர் இல்லாமல்.

ரஷ்யாவில் முகம் தொலைந்த ஜெனரலுக்கு ஃப்ரேமாவது கிடைத்தது. வேலூர் சிப்பாய்க்கு அதுவும் இல்லை.

கோட்டை மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. மற்ற நாளில் போனால், அந்தச் சிவப்புக் கோட்டுகள் முன்னாடி கொஞ்சம் நின்று பாருங்க.