மூளைச் சிகிச்சையும் இரத்த அழுத்தமும்

உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, இதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பங்கைப் பெறுகிறது. அத்தகைய உறுப்பில் அறுவைச் சிகிச்சை செய்யும்போது இரத்த அழுத்தத்தை எந்த அளவில் நிறுத்துவது என்பது உயிரைப் பற்றிய கேள்வியாகும்.

அழுத்தம் மிகுந்தால் குருதிப் பெருக்கு உண்டாகும். ஆகவே முன்னாளில் அதனை வேண்டுமென்றே தாழ்த்தினர். 1946-இல் அமெரிக்க டாக்டர் கார்ட்னர், மூளைக் கட்டியை அகற்றுகையில் நோயாளியின் தமனியிலிருந்து இரத்தத்தை வடித்து அழுத்தத்தைக் குறைத்த முறையை வெளியிட்டார். 1950-ஐ ஒட்டி ஹெக்சாமெத்தோனியம் போன்ற மருந்துகள் அப்பணியை ஏற்றன.

ஆனால் மிகுந்த தாழ்வும் ஆபத்தே. அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மூளை தன் குழாய்களைச் சுருக்கியும் விரித்தும் இரத்த ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்வதை 1959-இல் டென்மார்க் அறிஞர் லாசன் விளக்கினார். சராசரி அழுத்தம் ஏறத்தாழ 60 மில்லிமீட்டருக்குக் கீழே சென்றால் அத்திறன் குன்றும். நெடுநாள் இரத்தக் கொதிப்பு உடையவருக்கோ அந்த எல்லையே உயர்ந்துவிடுகிறது. பிறருக்குப் போதுமான அழுத்தம் அவருக்குப் போதாது.

எனவே இந்நாளில் மருத்துவர்கள் பெரிதும் நாடுவது நோயாளியின் இயல்பான அளவையே. மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழாயைச் செருகி, துடிப்புக்குத் துடிப்பு அழுத்தத்தைத் திரையில் கவனிக்கின்றனர். தலையை அசையாது பிடிக்கும் கருவியின் கூர்முனைகள் பதியும்போதும், மயக்கம் தெளியும்போதும் அழுத்தம் சட்டென ஏறக்கூடும். அப்போது லாபெட்டலால், எஸ்மலால், நிகார்டிபின் முதலிய மருந்துகளை அளந்து செலுத்துவர். தாழ்ந்தால் உயர்த்துவதற்கு நார்அட்ரினலின் போன்றவை உண்டு. சிகிச்சை முடிந்த பின்னரும் இக்காவல் தொடரும். அழுத்தம் அப்போது எழும்பினால் உள்ளே மீண்டும் குருதி கசியலாம்.

இதில் நம் கடமையும் ஒன்றுண்டு. நோயாளியின் இயல்பான அளவு எது என்பதை மயக்க மருத்துவர் நம்மிடமிருந்தே அறியவேண்டும். ஊரிலிருந்து பெற்றோரைச் சிகிச்சைக்கு அழைத்துவருகையில் பழைய மருத்துவச் சீட்டுகள் ஊரிலேயே தங்கிவிடுவதுண்டு. அவற்றையும், அவர்கள் உட்கொள்ளும் மாத்திரைகளையும் மறவாது கொண்டுவருவோம். சில மாத்திரைகளை அறுவை நாள் காலையிலும் கொடுக்கச் சொல்வர். சிலவற்றை முதல்நாளே நிறுத்தச் சொல்வர். சிலவற்றைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் பொங்கி எழும். ஆதலால் நாமாக நிறுத்துவதும் கூடாது, நாமாகக் கொடுப்பதும் கூடாது. ஒவ்வொரு மாத்திரைக்கும் மருத்துவரின் சொல்லைக் கேட்டுக் குறித்துக்கொள்வோமாக.