எண்ணிக்கையில் அகப்படாத குழந்தைகள்

எண்ணுதற்கு எளிய நோய்கள் உண்டு. அம்மை கண்டவன் உடலில் முத்துக்கள் தோன்றும். காசநோயைச் சளிப் பரிசோதனை காட்டிவிடும். இரத்தத்திலும் தெரியாமல், எக்ஸ்ரே படத்திலும் விழாமல், ஒருவர் பேசும் முறையிலும் பழகும் பாங்கிலும் மட்டுமே வெளிப்படும் ஓர் இயல்பை எவ்வாறு எண்ணுவது? ‘ஆஸ்பெர்கர்’ என்னும் பெயரால் அறியப்பட்ட நிலை அத்தகையது. அதனை நோய் என்பதினும், பிறவியிலேயே மூளையின் வளர்ச்சியில் அமைந்த வேறுபாடு என்பதே பொருந்தும்.

இந்நிலையிலுள்ள பிள்ளை உரிய காலத்தில் பேசக் கற்கும். அறிவிலும் குறை இராது. ஆயினும், எதிரே இருப்பவரின் முகக்குறிப்பை உணர்ந்து பேச்சை நிறுத்தவோ மாற்றவோ அதற்குக் கைவராது. கேலியையும் உண்மையையும் பிரித்தறியத் தடுமாறும். ஏதேனும் ஒரு பொருளில் உள்ளம் ஆழ்ந்துவிடும். இரயில் கால அட்டவணையைப் பிழையின்றி ஒப்பிக்கும் சிறுவன், அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட இயலாமல் ஒதுங்கி நிற்பான். நாள்தோறும் வழங்கும் ஒழுங்கு சிறிது மாறினாலும் கலங்குவான்.

பெயரின் வரலாறு

வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், 1944ஆம் ஆண்டில் இத்தகைய நான்கு சிறுவர்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதினார். போர்க்காலமாதலின் அக்கட்டுரை ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் நெடுங்காலம் அறியப்படவில்லை. 1981இல் இங்கிலாந்தின் லோர்னா விங் அம்மையார் அதனை எடுத்துக் கூறி, இந்நிலைக்கு ஆஸ்பெர்கரின் பெயரைச் சூட்டினார். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அது தனித் தலைப்புப் பெற்றது. 2013இல் அத்தலைப்பே நீக்கப்பட்டு, ‘ஆட்டிச நிறமாலை’ என்னும் பெருந்தலைப்பினுள் அடங்கிற்று. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் அவ்வாறே செய்தது. ஆஸ்பெர்கர் நாஜி ஆட்சியோடு ஒத்துழைத்தவர் என்பதை ஆவணங்கள் வாயிலாக 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியதால், அப்பெயரை விரும்பாதாரும் பலர் உளர்.

விடைகள் ஏன் வேறுபடுகின்றன?

சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரில் ஏறக்குறைய 1,500 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கணக்கு, ஆயிரத்துக்கு 3.6 என்றது. ஐயத்துக்குரியவர்களையும் சேர்த்தால் 7.1 ஆயிற்று. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளிவந்த மதிப்பீடோ பதினாயிரத்துக்கு 6 என்றது. முன்னதில் ஆறில் ஒரு பங்கே பின்னது!

நான் மருத்துவன் அல்லேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் பதிவேடு எழுதிப் பிழைப்பவன். பதிவேட்டுக்கு ஓர் இயல்பு உண்டு: அதில் எந்தப் பத்திகளை வரைந்திருக்கிறோமோ, அவற்றில் அடங்குவனவே கணக்கில் ஏறும். இங்கும் நிகழ்ந்தது அதுவே. கோத்தன்பர்க் ஆய்வாளர் கொண்ட இலக்கணம் ஒன்று. 1994ஆம் ஆண்டுக் கையேட்டின் இலக்கணம் வேறு. ஆட்டிசத்துக்குரிய அடையாளங்கள் நிரம்பியிருந்தால் ஆஸ்பெர்கர் எனக் கூறலாகாது என்பது கையேட்டின் விதி. அவ்விதியைக் கொண்டு ஆஸ்பெர்கர் எழுதிய நான்கு சிறுவர்களையே 1997இல் இருவர் ஆராய்ந்தபோது, அந்நால்வரும் ஆட்டிசத்தின்பாற்பட்டனர். ஆஸ்பெர்கர் நிலையில் ஒருவரும் எஞ்சவில்லை!

எண்ணுகிற இடமும் கணக்கை மாற்றுகிறது. அமெரிக்காவில் 12 பல்கலைக்கழக நிலையங்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2012இல் ஓர் அறிக்கை வந்தது. ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் என்ற பெயர் கிடைக்குமா, ஆஸ்பெர்கர் என்ற பெயர் கிடைக்குமா என்பதைப் பெரிதும் முடிவு செய்தது, அப்பிள்ளை எந்த நிலையத்துக்குச் சென்றது என்பதே. தனிப்பெயர் நீக்கப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

பெருந்தலைப்பின் கீழ் எண்ணினாலும் சிக்கல் தீர்வதில்லை. அமெரிக்க அரசின் கணக்கில், எட்டு வயதுப் பிள்ளைகளுள் 2000ஆம் ஆண்டில் 150 பேருக்கு ஒருவர். 2022இல் 31 பேருக்கு ஒருவர். அந்த 2022ஆம் ஆண்டிலேயே டெக்ஸாஸ் மாநிலத்தின் ஒரு பகுதியில் ஆயிரத்துக்கு 9.7, கலிபோர்னியாவின் ஒரு பகுதியில் 53.1. பிள்ளைகளின் இயல்பு ஐந்து மடங்கு வேறுபடுமென எண்ணுதல் அரிது. தேடும் முயற்சியே வேறுபட்டிருக்க வேண்டும். தென் கொரியாவின் கோயாங் நகரில் சாதாரணப் பள்ளிகளிலும் புகுந்து தேடி, 2011இல் நூற்றுக்கு 2.64 என்றனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அதுவரை எவராலும் அறியப்படாது அவ்வகுப்புகளில் அமர்ந்திருந்தவர்கள்.

வளர்ந்தோரைப் பற்றியும் ஒரு சான்றுண்டு. இங்கிலாந்தில் 2007இல் இல்லந்தோறும் சென்று எடுத்த கணக்கில், நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் ஆட்டிச நிலையில் இருந்தனர். முதியோரிடையே இவ்விகிதம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இது புதிதாகப் பரவும் பிணி என்று அஞ்சுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். தடுப்பூசியால் வருகிறது என்ற 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதனை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

பெண்பிள்ளைகள் பிறரைப் பார்த்து அவ்வாறே நடந்து, தம் இடர்ப்பாட்டை மறைத்துக்கொள்வது மிகுதி. ஆகவே அவர்கள் கணக்கில் இன்னும் குறைவாகவே ஏறுகின்றனர்.

நம் நாட்டில்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊனத்துக்கென எட்டு வகைகள் இருந்தன. அவற்றுள் ஆட்டிசம் தனி வகையாக இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்று, ஆட்டிச நிறமாலையையும் சேர்த்தது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் தேவை. அரசுப் பணியில் இடஒதுக்கீட்டுக்குக் குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாது எனச் சான்று வேண்டும். எண்ணப்படாத பிள்ளைக்கு இவையொன்றும் இல்லை; ‘திமிர் பிடித்தவன்’, ‘ஒட்டாதவன்’ என்ற பட்டங்களே எஞ்சுகின்றன.

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் இப்பிள்ளைகள் மறைந்துபோக மேலும் காரணங்கள் உள. வீட்டில் தமிழ், வீதியில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், ஆகவே ஒதுங்கி நிற்கும் பிள்ளையைப் பார்த்து, “மொழி புரியவில்லை, போகப் போகச் சரியாகும்” என்று ஆசிரியரும் சொல்கிறார், நாமும் நம்புகிறோம். பத்துப் பேரக்குழந்தைகளை வளர்த்த பாட்டி ஒப்பிட்டுச் சொல்ல அருகில் இல்லை. மாற்றல் உத்தரவு வந்தால் புதிய ஊர், புதிய மருத்துவர். பழைய குறிப்புகள் பெட்டியடியில் தங்கிவிடுகின்றன. பிள்ளை பேசும் பாங்கைக் கொண்டே முடிவு செய்ய வேண்டிய மருத்துவருக்குத் தமிழ் தெரியாவிடில், சொல் விளங்கினும் தொனி விளங்காது. பல மொழிகள் கேட்பதால் ஆட்டிசம் உண்டாவதில்லை. அதற்காக வீட்டில் தமிழை நிறுத்த வேண்டுவதில்லை.

உலகில் எத்தனை பேர் என்பது ஆய்வாளர் தொழில். நம் வீட்டில் ஒருவர் உளரா என்பது நம் பொறுப்பு. ஐயம் எழுந்தால், 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் அமைந்துள்ள தொடக்கநிலைச் சிகிச்சை மையங்களை நாடலாம். பிள்ளை எப்போது பேசிற்று, எதனால் கலங்குகிறது, எதில் ஆழ்கிறது என்பவற்றைத் தேதியிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி உடன் கொண்டு செல்க. தமிழறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வதும் நலம். எந்த ஊருக்கு மாற்றலானாலும் அந்த நோட்டுப் புத்தகம் பிள்ளையோடு செல்லட்டும்.