இறந்த பிறகு மதிப்பு பெறும் உழைப்பு

ஒரு குடும்பத்தலைவியின் வேலைக்கு மாதம் எவ்வளவு கொடுக்கலாம்? நம் நீதிமன்றங்கள் இதற்கு ரூபாய்க் கணக்கிலேயே பதில் சொல்லியிருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் அந்தப் பெண் இறந்த பிறகுதான்.

1989 மார்ச்சில் ஜாம்ஷெட்பூரில் டாடா இரும்பாலை நிறுவனர் நாள் விழாவில் தீப்பிடித்து 60 பேர் மாண்டனர். அந்த இழப்பீட்டு வழக்கில், சம்பளம் வாங்காத இல்லத்தரசியின் உழைப்பு மாதம் 3,000 ரூபாய் பெறும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் கணக்கிட்டது. 2010இல் ஒரு விபத்து வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொன்றையும் சுட்டிக்காட்டியது: 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சமைத்து, பாத்திரம் கழுவி, தண்ணீர் சுமக்கும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து ‘உழைக்காதோர்’ பட்டியலில் வைத்திருந்தது.

சமூகவியலும் நெடுங்காலம் இதே கண்ணோடுதான் பார்த்தது. ஆலை என்றால் உழைப்பு, வீடு என்றால் பாசம். பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆன் ஓக்லி லண்டனில் 40 இல்லத்தரசிகளிடம் ஆலைத் தொழிலாளியிடம் கேட்கும் கேள்விகளையே கேட்டார்: எத்தனை மணி நேரம், சலிப்புத் தட்டுகிறதா, வேலை பிடித்திருக்கிறதா? 1974இல் நூலாக வந்தது முடிவு. சராசரியாக வாரத்துக்கு 77 மணி நேரம். பெண்ணிய சமூகவியலின் அடிப்படை ஆய்வுகளில் ஒன்று அது. கேள்வியை மாற்றியதும் வீடு பணியிடமாகத் தெரிந்தது.

இந்தியாவில் 2019இல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97. செய்யும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை அரை மணிக் கட்டங்களாகப் பிரித்து ஆய்வாளர்கள் குறித்துக்கொண்டார்கள். பல வேலைகள் கலந்த கட்டமென்றால், பத்து நிமிடமாவது நீடித்தவைதான் கணக்கு. பாலுக்கு உறை ஊற்றுவதும், மோட்டாரை நிறுத்த ஓடுவதும், மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் இதில் எங்கே சிக்கும்? 299 குறைவான கணக்கென்றே நினைக்கிறேன்.

உயிரோடு இருக்கும் மனைவிக்கு இந்த உழைப்பு என்ன தரும் என்பதைத் தொட்டது 2023 ஜூனில் வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்பினார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்துக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். வாங்கிய சொத்து யாருக்கு என்று தகராறு. மனைவியின் உழைப்பு இல்லாமல் கணவரால் சம்பாதித்திருக்க முடியாது, ஆகவே மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. இந்தப் பங்களிப்பை அங்கீகரிக்கும் சட்டம் இல்லை, அங்கீகரிக்கக் கூடாது என்ற சட்டமும் இல்லை என்பது அவர் எடுத்த நிலை.

தமிழக அரசு குடும்பத்தலைவிகளுக்காக 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயரிட்டிருக்கிறது. பெயர் சரி. ஆனால் அது அரசு தருவது. கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டின் மீது அது எந்த உரிமையும் தராது. கோவாவில், போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற குடிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் திருமணமானதுமே சொத்து இருவருக்கும் பொது. மற்ற மாநிலங்களில் பத்திரத்தில் பெயரில்லாத மனைவி, பங்கு வேண்டுமென்றால் வழக்குப் போட்டு, தான் சமைத்ததையும் துவைத்ததையும் நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டும்.