உள்ளங்கையில் ஒரு திருமுகம்

பாளையங்கோட்டையிலோ புன்னைக்காயலிலோ ஒரு பாட்டியின் செபப் புத்தகத்தைத் திறந்தால், ஏடுகளுக்கிடையிலிருந்து இயேசுநாதர் படமொன்று நழுவி விழுவதுண்டு. சீட்டுக்கட்டுச் சீட்டளவுதான் இருக்கும். கைபட்டு ஓரம் கறுத்திருக்கும். ஊரார் கூடி வணங்குவதற்கான படமன்று அது. ஒருவர் தனித்திருந்து, கையிலேந்தி, முகத்தோடு முகம் நோக்குவதற்கென அமைந்தது.

இவ்வகைப் படத்தை அரிய கலையாக வளர்த்தவர்களுள், இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த பிளாண்டர்ஸ் பகுதி ஓவியர்கள் தலையாயவர்கள். புரூஜ் நகரில் வாழ்ந்த பெட்ரஸ் கிறிஸ்டஸ் 1445-ஆம் ஆண்டையொட்டி எழுதிய கிறிஸ்துவின் முகம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. உயரம் 15 செ.மீ.கூட இல்லை, அகலம் 11 செ.மீ.க்குள். தோல்தாளில் எண்ணெய் வண்ணத்தால் எழுதி மரப்பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். தலையில் முள்முடி. முகத்தைச் சுற்றியுள்ள சட்டமும் தூரிகை வேலையே! பீடத்தின் பேரோவியத்தைக் கூட்டத்தின் பின்னிருந்தும் காணலாம்; இதைக் காண மூச்சுப்படும் அருகில் வரவேண்டும். அளவில் சிறியதாயிருப்பதே இதன் ஆற்றல் என்பேன்.

இத்தகைய படங்கள் நம் நாட்டுக்கு வந்த கதை சுவையானது. பதினாறாம் நூற்றாண்டில் ஆண்ட்வெர்ப் நகரத்தார் செப்புத்தகட்டில் உருவம் செதுக்கித் தாளில் அச்சிட்டனர். தூரிகை ஓவியம் செல்வருக்கே எட்டியது. தாள்படமோ கடல் கடந்தது. 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரின் இயேசு சபையைச் சேர்ந்த துறவியர், 1580-இல் பத்தேப்பூர் சிக்ரியில் அக்பரைக் கண்டு, ஆண்ட்வெர்ப்பின் பிளாண்டின் அச்சகத்துப் பன்மொழி விவிலியத்தை அளித்தனர். அதன் முகப்புப் படங்களையும், பின்னர் வந்த பிற படங்களையும் அரண்மனை ஓவியர்கள் ஊன்றிக் கற்றனர். அச்சுப்படத்தில் இருந்தவை கறுப்புக் கோடுகளே. வண்ணம் இவர்கள் கொடுத்தது. கேசு தாஸ் எழுதியதாகக் கருதப்படும் சிலுவைப்பாட்டு ஓவியமொன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறர் சமயத் திருவுரு என்று அவர் ஒதுக்கவில்லை. சவேரியாரின் உறவினரான ஜெரோம் சவேரியார் 1602-இல் பாரசீகத்தில் முடித்த இயேசு வரலாற்றுக்கும் முகலாய ஓவியர்களே படம் எழுதினர்.

சிறு படங்களுக்கு ஒரு தீவினை உண்டு, எளிதில் தொலைந்துபோகும். புரூஜின் பெரும் ஓவியர் யான் வான் ஐக் 1438-இல் எழுதிய திருமுகத்தின் மூலம் இன்று இல்லை, படிகள்தாம் உள்ளன. எங்கள் வீட்டுச் செபப் புத்தகம் பைண்டிங்குக்குப் போய் வந்தபோது ஏடெல்லாம் இருந்தன. உள்ளேயிருந்த படங்கள் இல்லை. அட்டை புதிதாய் இருக்கிறதே என்று வீட்டார் மகிழ்ந்தனர். ஆச்சி மட்டும் ஏடேடாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.